ஸ்டைன்மெட்ஸ்: மின்சாரத்தைக் கணக்கில் அடக்கிய நாலடி மனிதர்

1889-ம் ஆண்டு ஜூன் மாதம். பிரான்சு தேசத்திலிருந்து வந்த ஒரு கப்பல் நியூயார்க் துறைமுகத்தில் பிரயாணிகளை இறக்கிக்கொண்டிருந்தது. கடைசி வகுப்பில் வந்த ஏழை மக்கள் வரிசையாக நின்றார்கள். குடியேற்ற அதிகாரிகள் ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள்.

வரிசையில் ஒரு வாலிபர். வயது 24. உயரம் சுமார் நாலடி. முதுகில் கூன். இடுப்பில் பிறவிக் கோளாறு. அதனால் தாங்கித் தாங்கி நடந்தார். கடல் பிரயாணத்தில் ஜலதோஷம் பிடித்து முகம் வீங்கியிருந்தது. கையில் காசு இல்லை. வேலை கொடுக்க ஆள் இல்லை. இங்கிலீஷும் வராது.

இப்படிப்பட்ட ஆளை உள்ளே விட்டால் தேசத்துக்குப் பாரம்தானே? அதிகாரிகள் அப்படித்தான் நினைத்தார்கள். திருப்பி அனுப்பிவிட இருந்தார்கள். அந்தச் சமயத்தில் உடன் வந்த நண்பர் ஆஸ்மூஸன் குறுக்கிட்டார். இவருக்குத் தாம் பொறுப்பு என்று உறுதி கூறினார். அதன் பேரில் கதவு திறந்தது.

அந்தக் கூன் முதுகு வாலிபர்தான் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ். பிற்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் மின்சார மந்திரவாதி என்று கொண்டாடிய மேதை.

அவர் மறைந்து 100 வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இன்று வெயிலை மின்சாரமாக்கும் பெரிய நிலையம் எதை எடுத்துக்கொண்டாலும், அங்கே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. நாட்டின் மின்தொகுப்பை நடத்துவோர் சூரிய நிலையங்களுக்குப் பல நிபந்தனைகள் போட்டிருக்கிறார்கள். அந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு நிலையத்தை நடத்துவதே அந்தக் கருவியின் வேலை. அது போடுகிற கணக்கு, அன்று துறைமுகத்து வாசலில் தடுக்கப்பட்ட மனிதர் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு!

மூன்று தலைமுறைக் கூன்

ஸ்டைன்மெட்ஸ் பிறந்தது 1865-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி. பிறந்த ஊர் பிரெஸ்லாவ். அன்று அது ஜெர்மானியரின் பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்தது. இன்று போலந்து நாட்டில் விராட்ஸ்வாவ் என்ற பெயரில் இருக்கிறது.

தகப்பனார் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். அவருக்கும் முதுகில் கூன் உண்டு. பாட்டனாருக்கும் உண்டு. குழந்தைக்கும் அது வந்து சேர்ந்தது. சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயார் காலமாகிவிட்டார். பாட்டியின் மடியில்தான் பிள்ளை வளர்ந்தது.

மற்றப் பையன்கள் ஓடி விளையாடினார்கள். இவரால் ஓட முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் இவரை எட்டிப் பிடிக்க யாராலும் முடியவில்லை. 1883-ம் ஆண்டு பிரெஸ்லாவ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே கணித மாணவர் சங்கத்துத் தோழர்கள் இவருக்குப் புரோட்டியஸ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். புரோட்டியஸ் கிரேக்கக் கதைகளில் வரும் கடல் கிழவன். நினைத்த உருவம் எடுப்பான். விடாமல் பிடித்துக்கொண்டால் எந்த ரகசியத்தையும் சொல்வான். கேலியாக வைத்த பெயரைக் கோபித்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொண்டார். அமெரிக்கா சென்ற பிறகு அதையே தம் சொந்தப் பெயரில் சேர்த்தும் கொண்டார்.

ஊரை விட்டு ஓட்டம்

அந்தக் காலத்தில் ஜெர்மனியை ஆட்டிவைத்தவர் பிஸ்மார்க். அவர் 1878-ம் ஆண்டு சோஷலிஸ்டுகளை அடக்கச் சட்டம் கொண்டுவந்தார். மாணவர் ஸ்டைன்மெட்ஸுக்கோ சோஷலிசத்தில் பற்று. ரகசியமாக நடந்த மாணவர் கூட்டங்களில் கலந்துகொண்டார். சோஷலிஸ்டுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் வேலையையும் பார்த்தார்.

போலீஸ் மோப்பம் பிடித்தது. 1888-ம் ஆண்டு, டாக்டர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பட்டமா, சிறையா என்ற நிலை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லையைத் தாண்டினார். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பொறியியல் படித்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினார். அங்கே பழக்கமான ஆஸ்மூஸனுடன்தான் மறு வருஷம் அமெரிக்கா சென்றார்.

தகப்பனாரைப் பிறகு அவர் காணவே இல்லை.

தொப்பி யந்திரம் செய்யும் இடத்தில்

நியூயார்க்குக்கு அருகில் யாங்கர்ஸ் என்ற ஊர். அங்கே ஐக்மேயர் என்பவர் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தார். தொப்பி தயாரிக்கும் யந்திரங்களில் பெயரெடுத்த அவர், மின்சார மோட்டார்களும் செய்துவந்தார். அவரும் ஜெர்மானியர். 1848-ம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வந்தவர். அகதியின் அருமை அகதிக்குத் தெரியாதா? ஸ்டைன்மெட்ஸைப் படம் வரையும் வேலையில் அமர்த்தினார். சம்பளம் வாரம் 12 டாலர்.

படம் வரைய வந்தவர் வெகு சீக்கிரத்தில் தொழிற்சாலையிலேயே ஒரு சிறு ஆராய்ச்சிக் கூடம் அமைத்துக்கொண்டார். ஆராய்வதற்கு அங்கே ஒரு பெரும் சிக்கல் காத்திருந்தது.

அப்போது ஏ.ஸி. மின்சாரம் புதிது. டி.ஸி. மின்சாரம் ஒரே திசையில் ஓடும். ஏ.ஸி. மின்சாரமோ விநாடிக்குப் பல தடவை முன்னும் பின்னும் அலையும். அதை வெகு தூரத்துக்கு அனுப்பலாம் என்ற லாபம் இருந்தது. ஆனால் மோட்டார்களும் டிரான்ஸ்பார்மர்களும் தாங்க முடியாத அளவுக்குச் சூடேறின. காரணம், உள்ளே இருக்கும் இரும்பு. மின்சாரம் திசை மாறும்போதெல்லாம் இரும்பின் காந்தமும் திசை மாறவேண்டும். இரும்பு லேசில் மாறாது; முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு சூடாக வெளிப்பட்டது. எவ்வளவு சூடாகும் என்பது யந்திரத்தைச் செய்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

ஸ்டைன்மெட்ஸ் பல வகை இரும்புகளைப் பரிசோதித்தார். நஷ்டத்துக்கு ஒரு கணக்கு இருப்பதைக் கண்டார். காந்த பலம் இரட்டிப்பானால் நஷ்டம் இரட்டிப்பாவதில்லை; ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இதை ஒரு சூத்திரமாக்கி, 1892-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மின் பொறியாளர் சங்கத்தில் படித்தார். அதன் பிறகு யந்திரம் எவ்வளவு சூடாகும் என்பதைக் காகிதத்திலேயே கணக்கிட முடிந்தது. துறைமுகத்தில் வேண்டாத ஆளாக நின்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அமெரிக்கப் பொறியாளர்கள் அவருடைய பெயரைத் தெரிந்துகொண்டார்கள்.

கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை

மறு வருஷம் அதைவிடப் பெரிய காரியம் செய்தார்.

ஏ.ஸி. மின்சாரத்தில் அழுத்தமும் ஓட்டமும் இரண்டு அலைகள். இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கும் இவற்றை எப்படிக் கூட்டுவது, எப்படிக் கழிப்பது? அந்தக் காலப் பொறியாளர்கள் பக்கம் பக்கமாக உயர் கணிதம் போட்டுத் திணறினார்கள்.

ஸ்டைன்மெட்ஸ் ஓர் எளிய வழி சொன்னார். ஒரே தொடரில் ஓடும் அலைகள் எல்லாம் ஒரே வேகத்தில்தான் அலைகின்றன. ஆகவே வேகத்தை மறந்துவிடலாம். மிச்சம் இருப்பவை இரண்டே விஷயங்கள்: அலை எவ்வளவு பெரியது, எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது. வீட்டுக்கு வழி சொல்லும்போது கிழக்கே இத்தனை அடி, வடக்கே இத்தனை அடி என்கிறோமே, அதுபோல ஒவ்வோர் அலைக்கும் இரண்டு எண்கள் கொடுத்தால் போதும். கிழக்கைக் கிழக்கோடு கூட்டு. வடக்கை வடக்கோடு கூட்டு. விடை தானே வரும்.

வடக்குத் திசைக்கு அவர் பயன்படுத்தியது, கழித்தல் ஒன்றின் வர்க்க மூலம். கற்பனை எண் என்று கணித சாஸ்திரிகள் ஒதுக்கமாகப் பேர் வைத்திருந்த எண் அது. வெறும் கற்பனை என்று பெயர் வாங்கிய எண்ணை, பட்டறையில் வேலை செய்ய வைத்தார் அவர். 1893-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிக்காகோ நகரில் கூடிய சர்வதேச மின்சார மகாநாட்டில் இந்த முறையை விளக்கினார்.

இந்த இரண்டு எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிழக்கு எண் மெய்யாக உழைக்கும் மின்சாரம். விளக்கை எரிக்கும், மோட்டாரைச் சுற்றும். வடக்கு எண் உழைப்பதில்லை. போய்விட்டுத் திரும்பி வரும். ரியாக்டிவ் பவர் என்பது அதன் பெயர்.

உழைக்காத மின்சாரம் எதற்கு? கடைக்காரர் கல்லாவில் சில்லறை வைத்திருப்பதுபோலத்தான். சில்லறை போகும், வரும். அதனால் லாபம் இல்லை. ஆனால் சில்லறை இல்லாவிட்டால் வியாபாரம் நின்றுவிடும். அதுபோல இந்த மின்சாரம் போதாவிட்டால் கம்பியில் மின்னழுத்தம் சரியும். மிஞ்சிப்போனால் அழுத்தம் எகிறும். கம்பியில் இடமும் பிடித்துக்கொள்ளும். உழைப்பு 4 பங்கும் சில்லறை 3 பங்குமாக இருந்தால், கம்பி 7 பங்கு சுமப்பதில்லை. 5 பங்குதான் சுமக்கும். செங்கோண முக்கோணத்தின் கணக்கு அது.

ஷெனெக்டடி ஊர்க்காரர்

1892-ம் ஆண்டு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஆரம்பமாயிற்று. சில மாதங்களுக்குள் ஐக்மேயரின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. தொழிற்சாலையோடு ஸ்டைன்மெட்ஸும் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். 1894-ம் ஆண்டு முதல் நியூயார்க் மாகாணத்தின் ஷெனெக்டடி நகரமே அவருக்குச் சொந்த ஊராயிற்று.

அவருடைய புதிய கணித முறை முதலில் பலருக்குப் புரியவில்லை. அவர் சலித்துக்கொள்ளவில்லை. மாணவருக்குச் சொல்வதுபோல் விளக்கிப் புத்தகங்கள் எழுதினார். 1897-ம் ஆண்டு ஏ.ஸி. மின்சாரக் கணக்கைப் பற்றிய முதல் பெரிய நூல் வந்தது. 1901-ல் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார். 1902-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை கௌரவப் பட்டம் அளித்தது. அதே வருஷம் ஷெனெக்டடியின் யூனியன் கல்லூரியில் பேராசிரியரானார். பிரெஸ்லாவில் கைநழுவிய டாக்டர் பட்டம் 1903-ல் அந்தக் கல்லூரியிலிருந்து வந்தது.

புகழ் வந்தும் அவர் மாறவில்லை. வாயில் எப்போதும் சுருட்டு. கோடைக்காலத்தில் மோஹாக் நதிப் பக்கம் ஒரு மரக் குடிசைக்குப் போய்விடுவார். தோணியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் மிதந்தபடியே கணக்குப் போடுவார். வீட்டில் கள்ளிச் செடிகளும் அபூர்வ மலர்களும் வளர்த்தார். முதலைகள்கூட வளர்த்தார்!

கல்யாணம் வேண்டாம்; குடும்பம் வேண்டும்

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாட்டனாரிடமிருந்து தகப்பனாருக்கும், தகப்பனாரிடமிருந்து தமக்கும் வந்த கூன் தம்மோடு முடியட்டும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் குழந்தைகள் என்றால் அவருக்கு உயிர். பெரிய வீட்டில் தனியாக இருந்தார். ஹேடன் என்ற இளைஞர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு உதவியாளர். ஹேடனுக்குக் கல்யாணமானதும், மனைவியோடு தம் வீட்டிலேயே வந்து இருக்கும்படி கேட்டுக்கொண்டார். பிறகு சட்டப்படி ஹேடனைத் தம் புத்திரராக ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார். ஹேடன் தம்பதிக்கு மூன்று குழந்தைகள். மூவருக்கும் ஸ்டைன்மெட்ஸ்தான் தாத்தா. ரத்த சம்பந்தம் இல்லாத அந்தக் குடும்பம் கடைசிவரை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது.

முதலாளி கம்பெனியில் ஒரு சோஷலிஸ்டு

பெரிய முதலாளிக் கம்பெனியில் இருந்துகொண்டே அவர் சோஷலிஸ்டாகவும் இருந்தார். 1911-ம் ஆண்டுத் தேர்தலில் ஷெனெக்டடி நகரசபை சோஷலிஸ்டுகள் வசமாயிற்று. ஸ்டைன்மெட்ஸ் நகரக் கல்விக் குழுவின் தலைவரானார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடப் புத்தகம், பள்ளியில் உணவு, உடம்பைக் கவனிக்க நர்ஸ்கள், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் குழந்தைகளுக்குத் தனி வகுப்புகள் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தார். பாஷை தெரியாமல் துறைமுகத்தில் நின்ற நாளை அவர் மறந்துவிடவில்லை என்பதை அந்தத் தனி வகுப்புகளே காட்டும்.

1922-ம் ஆண்டு ரஷ்யத் தலைவர் லெனினுக்குக் கடிதம் எழுதி, அந்த நாட்டை மின்மயமாக்க உதவத் தயார் என்று தெரிவித்தார். லெனின் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். அதே ஆண்டு நியூயார்க் மாகாணப் பொறியாளர் பதவிக்கு நின்று தோற்றார். தோல்வி அவரை வாட்டவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் அப்போது வேறு வேலை நடந்துகொண்டிருந்தது.

மின்னலைச் செய்தார்

மடையைத் திறந்த மறுகணமே வாய்க்காலில் தண்ணீர் சீராக ஓடுவதில்லை. முதலில் பொங்கிப் புரளும், பிறகுதான் அடங்கும். மின்சாரமும் அப்படியே. ஸ்விட்சைப் போடும்போதும், கம்பி அறுந்து விழும்போதும், இடி தாக்கும்போதும், கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கொந்தளிப்பு வந்து போகும். அந்தக் கொந்தளிப்பில்தான் யந்திரங்கள் கருகுகின்றன. இதைப் பற்றி 1909-ம் ஆண்டு ஸ்டைன்மெட்ஸ் ஒரு பெரிய நூல் எழுதினார்.

1920-ம் ஆண்டு அவருடைய நதிக்கரைக் குடிசையை மின்னல் தாக்கியது. மற்றவராக இருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள். அவரோ உடைந்த கண்ணாடிச் சில்லுகளைக்கூடப் பொறுக்கி ஒட்டவைத்து, மின்னல் போன வழியை ஆராய்ந்தார். 1922-ல் ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ளேயே ஒரு மின்னல் யந்திரத்தை அமைத்தார். அது 1,20,000 வோல்ட் அழுத்தத்தில் செயற்கை மின்னலை உமிழ்ந்தது. மரக்கட்டைகள் சிதறின. பத்திரிகைகள் பிரமித்தன. மின்சாரக் கம்பிகளை இடியிலிருந்து காக்கும் கருவிகளைச் சோதிப்பதுதான் அவருடைய நோக்கம்.

1920-ல் மற்றொரு கட்டுரையும் எழுதினார். பல மின் நிலையங்கள் சேர்ந்து ஓடும்போது, ஓரிடத்தில் அதிர்ச்சி ஏற்பட்டால் மற்றவை தாளம் தப்பாமல் நிற்பது எப்படி என்பது அதன் விஷயம். வெயில் மின்சாரத்தைப் பற்றி அன்று அவர் நினைத்திருக்க முடியாது. ஆனால் நூறு வருஷம் கழித்து, அதே கேள்விதான் சூரிய நிலையங்களின் வாசலில் வந்து நின்றது.

ஊர் கூடி இழுக்கும் தேர்

நாட்டின் மின்தொகுப்பு என்பது ஊர் கூடி இழுக்கும் தேர். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் ஒரே தாளத்தில் இழுக்கவேண்டும். இந்தியாவில் அந்தத் தாளம் விநாடிக்கு 50 அலை, அமெரிக்காவில் 60. அனல், நீர், அணு நிலையங்களில் பல டன் எடையுள்ள சக்கரங்கள் சுழல்கின்றன. அந்தக் கனமே தாளத்தைக் காக்கிறது. சிறு அதிர்ச்சி வந்தாலும் சக்கரம் உடனே நின்றுவிடாது.

சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. தகடு தருவது டி.ஸி. மின்சாரம். இன்வெர்ட்டர் என்ற கருவி அதை ஏ.ஸி. ஆக்குகிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்னணு ஸ்விட்சுகளைத் திறந்து மூடி, அலையைச் செதுக்கி எடுக்கிறது. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் நிலையத்தைப் போன்ற இடங்களில் இத்தகைய இன்வெர்ட்டர்கள் ஏராளம். ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி நடந்தால் தேர் என்ன ஆகும்?

அதனால்தான் மின்தொகுப்பை நடத்துவோர் நிபந்தனை போடுகிறார்கள். தாளம் வேகமானால் படிப்படியாகப் பிடியைத் தளர்த்து. திடீர் அதிர்ச்சி வந்தால் வடத்தை விட்டு ஓடாதே. அழுத்தம் சரிந்தால் சில்லறை கொடு, எகிறினால் வாங்கிக்கொள். இந்தியாவில் 2013-ம் ஆண்டு திருத்தப்பட்ட மத்திய மின்சார ஆணைய விதிகள், சூரிய நிலையத்தின் மின்திறன் காரணி முந்தும் பக்கமும் பிந்தும் பக்கமும் 0.95 என்ற எல்லைக்குள் இருக்குமாறு நடத்தச் சொல்கின்றன. அதாவது கம்பி சுமப்பது 100 பங்கு என்றால், அதில் சுமார் 31 பங்கு வரை சில்லறையைக் கொடுக்கவும் வாங்கவும் நிலையத்துக்குச் சக்தி இருக்கவேண்டும்.

இதை எல்லாம் கவனிப்பதுதான் நிலையத்தின் தலைமைக் கட்டுப்பாட்டுக் கருவி. நிலையம் மின்தொகுப்போடு சேரும் இடத்தில் அது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளக்கிறது. கிழக்கே எத்தனை, வடக்கே எத்தனை என்று கணக்கிடுகிறது. வேண்டிய அளவோடு ஒப்பிடுகிறது. பிறகு இன்வெர்ட்டர்களுக்கு இத்தனை உழைப்பு, இத்தனை சில்லறை என்று பங்கு பிரித்து உத்தரவு அனுப்புகிறது. மேகம் மறைத்தாலும், மாலையில் வெயில் சாய்ந்தாலும் இந்த வேலை நிற்பதில்லை. அது அளப்பதும், பிரிப்பதும், உத்தரவிடுவதும் 1893-ல் சிக்காகோவில் சொல்லப்பட்ட அந்த இரண்டு எண்களைக் கொண்டுதான்.

கணக்குத் தப்பியபோது

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது.

ஜெர்மனியில் ஒரு காலத்தில், தாளம் 50.2 அலையைத் தொட்டதும் சூரிய இன்வெர்ட்டர்கள் நின்றுவிடவேண்டும் என்று விதி இருந்தது. வீட்டுக் கூரைகளில் தகடுகள் லட்சக்கணக்கில் பெருகிய பிறகுதான் ஆபத்து புரிந்தது. அத்தனையும் ஒரே கணத்தில் வடத்தை விட்டால் தேர் என்ன ஆகும்? 2012-ம் ஆண்டு சட்டம் கொண்டுவந்து, 3 லட்சத்துக்கு மேற்பட்ட நிலையங்களை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று.

2016-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காட்டுத் தீ. தீயினால் உயர் அழுத்தக் கம்பிகளில் கோளாறு ஏற்பட்டது. அழுத்த அலை ஒரு கணம் கொந்தளித்தது. சில இன்வெர்ட்டர்கள் அந்தக் கொந்தளிப்பைத் தாளமே கெட்டுவிட்டதாகத் தவறாக அளந்து நின்றுவிட்டன. வேறு சில, அழுத்தம் குறைந்ததைக் கண்டு கையை எடுத்துவிட்டன. சுமார் 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் நொடியில் போயிற்று. நிலையான ஓட்டம் வேறு, கணநேரக் கொந்தளிப்பு வேறு என்று ஸ்டைன்மெட்ஸ் 1909-லேயே பிரித்துக் காட்டியிருந்தார்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் நடுப்பகலில் இருண்டன. இம்முறை அழுத்தம் எகிறியதுதான் வினை. அங்கே பல சூரிய, காற்றாலை நிலையங்கள் அழுத்தத்தைப் பார்த்துச் சில்லறையைக் கூட்டிக் குறைக்கவில்லை. உழைப்பில் இத்தனை பங்கு சில்லறை என்ற மாறாத விகிதத்திலேயே ஓடின. உழைப்பு குறைந்தபோது, அவை வாங்கிக்கொண்டிருந்த சில்லறையும் குறைந்தது. அழுத்தம் மேலும் ஏறியது. அழுத்தத்தைக் காக்க நியமிக்கப்பட்ட பழைய மாதிரி நிலையங்களும் தம் பங்கைச் சரிவரச் செய்யவில்லை என்று ஸ்பெயின் அரசின் அறிக்கை கூறியது. சூரிய நிலையங்களால் அழுத்தத்தைக் காக்க முடியாது என்பதல்ல. அந்த வேலை அவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. இருட்டடிப்புக்குப் பிறகு, 2025 ஜூனில் ஸ்பெயின் தன் விதிகளைத் திருத்தி அந்த வேலைக்கு வழி திறந்தது.

தாத்தா போய்விட்டார்

1923-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஸ்டைன்மெட்ஸ், ஹேடன் குடும்பத்தோடு அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு நெடும் பிரயாணம் போனார். பிரயாணம் அவருடைய பலவீனமான இருதயத்தைக் களைக்க வைத்தது. திரும்பியதும் டாக்டர்கள் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள்.

அக்டோபர் 26-ந் தேதி காலை. மாடியில் அவர் படுத்திருந்தார். காலை உணவு மேலே வருவதற்குள் உயிர் அமைதியாகப் பிரிந்துவிட்டது. வயது 58. ஷெனெக்டடியிலேயே அடக்கம் செய்தார்கள்.

தம் பெயரில் ஏறக்குறைய 200 காப்புரிமைகள் பெற்றவர் அவர். அவருடைய நதிக்கரைக் குடிசையை ஹென்றி போர்டு தம் காட்சிச்சாலை கிராமத்துக்குக் கொண்டுபோய்ப் பாதுகாத்தார். அவர் ஓட்டிய 1914-ம் ஆண்டு மின்சாரக் கார் யூனியன் கல்லூரியின் வசம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஞாபகச் சின்னம் அவருடைய கணக்குத்தான். அதை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. புத்தகமாக எழுதி, வகுப்பில் சொல்லிக்கொடுத்து, கல்லூரி மாணவர் எவரும் போடக்கூடிய கணக்காக்கிவிட்டுப் போனார். 1889-ல் ஒரு வாசலில் அவர் நின்றபோது, இந்த ஆள் நமக்குப் பாரமா, பலமா என்ற கேள்வி எழுந்தது. இன்று மின்தொகுப்பின் வாசலில் புதிதாக வந்து நிற்கும் ஒவ்வொரு சூரிய நிலையத்தையும் பார்த்து அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தாளம் தப்பாமல், அதிர்ச்சியில் ஓடாமல், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளும் நிலையம் பலம்தான் என்று அந்த நாலடி மனிதரின் கணக்குப் பதில் சொல்கிறது.